பாட்டில் இருக்கும் ஸ்பானிஷ் குசினிக்கு வருவதற்கு என்ன வேண்டும்?

மூன்று வயதுப் பிள்ளை ஒன்று "உனோ, தோஸ், த்ரேஸ்" என்று எண்ணுவதைக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் இப்போது யாரும் வாயைப் பிளப்பதில்லை. சோறு தீத்துவதற்காகக் கையில் கொடுத்த போனில் ஒரு வீடியோ முடிய அடுத்தது தானாக ஓடுகிறது, ஆங்கிலப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த இடத்தில் அதே மெட்டில் ஸ்பானிஷ் பாட்டு வந்து விழுகிறது, பிள்ளைக்கு என்ன மொழி என்ற கவலை இல்லை, மாடு ஆடுகிறது, அது போதும். இப்படித் தற்செயலாக ஆரம்பித்ததுதான் பல வீடுகளில் "பிள்ளைக்கு ஸ்பானிஷ் பழக்கினால் என்ன?" என்ற யோசனையாக மாறுகிறது. யோசனையில் பிழை இல்லை. ஆனால் வீடியோவையும் பாட்டையும் போட்டுவிட்டால் மொழி தானாக ஊறிவிடும் என்று நினைத்தால் அது நடக்காது, ஏன் நடக்காது என்பதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது, நடக்க வைப்பதற்கு வழியும் இருக்கிறது.

முதலில், ஏன் ஸ்பானிஷ்? பிரெஞ்சு என்றால் பாரிஸில் மாமா இருப்பார், ஜேர்மன் என்றால் சித்தி இருப்பா. ஸ்பானிஷ் நாட்டில் சொந்தக்காரர் இருக்கும் குடும்பங்கள் அவ்வளவு இல்லை, இருந்தாலும் பார்சலோனாவில் ஒன்றோ மட்ரிட்டில் ஒன்றோதான். ஆனால் கிட்டத்தட்ட 50 கோடிப் பேரின் தாய்மொழி அது, 20 நாடுகளில் அரச மொழி. அந்த அளவு பெரிய கூட்டத்துக்குப் படம் காட்டுகிறவர்கள் குழந்தைகளுக்கென்று செய்து குவித்திருக்கும் பாட்டும் கார்ட்டூனும் எக்கச்சக்கம், அநேகமாக எல்லாம் இலவசம். அப்புறம் கால்பந்து. குருநகர், நாவாந்துறைப் பக்கத்துப் பெடியங்களுக்கு மெஸ்ஸி கதைக்கும் மொழி என்று சொன்னால் வேறு காரணமே தேவையில்லை. உண்மையைச் சொன்னால், இந்த வயதில் "எதிர்காலத்துக்கு உதவும்" என்ற காரணத்தை விட "பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு" என்ற காரணம்தான் நீண்ட நாள் தாங்கும்.

சரி, பாட்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். பாட்டு சத்தத்தைத் தருகிறது, தாளத்தைத் தருகிறது, சொற்கள் எந்த வரிசையில் வரும் என்பதை வாயில் பதிய வைக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் செய்து 2013இல் வெளியான ஒரு ஆய்வில் 60 பெரியவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, அவர்களுக்குத் துளியும் தெரியாத ஹங்கேரிய மொழியின் சிறு தொடர்களை 15 நிமிடம் பழக்கினார்கள். ஒரு கூட்டம் சும்மா சொல்லிப் பழகியது, ஒன்று தாளத்தோடு சொல்லியது, ஒன்று பாடியது. பிறகு ஹங்கேரிய மொழியிலேயே திருப்பிச் சொல்லச் சொன்னபோது பாடிய கூட்டம்தான் முன்னுக்கு நின்றது. அவர்கள் பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள் அல்ல, ஆனாலும் மெட்டில் ஏறிய சொல் நாக்கை விட்டுப் போகாது என்பது எங்களுக்கு ஆய்வு இல்லாமலே தெரிந்த விஷயம்தான்.

அந்த விஷயத்தின் மறுபக்கமும் எங்களுக்குத் தெரியும். இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பு கொடிகட்டிப் பறந்த காலத்தில் வளர்ந்த அப்பப்பாமார் பலர் பழைய இந்திப் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ராகம் பிசகாமல் பாடுவார்கள். ஒரு கோப்பை தண்ணீர் இந்தியில் கேட்கச் சொன்னால் முழிப்பார்கள். பாசையூரிலும் குருநகரிலும், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்திய காலத்து இலத்தீன் பூசையைக் கண்ட முதியவர்களுக்கு இலத்தீன் பாட்டு இன்னும் நினைவிருக்கும், இலத்தீன் தெரியாது. சமய பாடத்துக்குத் தேவாரம் பாடமாக்கிய சின்னப் பிள்ளைக்குப் பொருள் கேட்டால் அதே முழிப்புத்தான், அதுவும் தமிழிலேயே. பாட்டு பொருளை ஒட்டாமலே மனதில் தங்கக்கூடியது. அதுதான் அதன் பலம், அதுதான் அதன் குறையும். ஸ்பானிஷ் பாட்டு பத்தை மனப்பாடமாகப் பாடும் பிள்ளைக்கு ஸ்பானிஷ் வந்துவிட்டது என்று வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பும் முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அனுப்புங்கள், தப்பில்லை, கேட்க வடிவாகத்தான் இருக்கும்.

வீடியோ பற்றிய கதை இதை விடச் சுவாரசியம். 2003இல் பற்றீசியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சீன மொழி பேசும் ஆட்கள் நேரில் வந்து, நிலத்தில் குழந்தையோடு இருந்து, புத்தகம் காட்டி, பொம்மையோடு விளையாடிக் கதைத்தார்கள், மொத்தம் 12 தடவை. அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாட்டை நன்றாகப் பிரித்து அறிந்தன. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே புத்தகம், அதே பேச்சு, ஆனால் திரையில். அந்தக் குழந்தைகள் கற்றது ஒன்றுமில்லை. சீனம் காதில் விழவே விழாத குழந்தைகளோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை. காதில் விழுந்த சத்தம் ஒன்றுதான், பார்த்த முகமும் ஒன்றுதான், ஆனால் திரையில் இருந்தவர் குழந்தை எங்கே பார்க்கிறது என்று பார்த்து அதற்கு ஏற்றமாதிரிக் கதைக்கவில்லை.

2010இல் வந்த இன்னொரு ஆய்வு இதை வீட்டுக்குள்ளேயே சோதித்தது. ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரையான பிள்ளைகளுக்கு, சொல் பழக்குவதற்கென்றே விற்கப்பட்ட ஒரு வீடியோவை ஒரு மாதம் போட்டுக் காட்டினார்கள். சிலர் தனியாகப் பார்த்தார்கள், சிலர் பெற்றோரோடு. மூன்றாவது கூட்டத்துக்கு வீடியோவே இல்லை, அந்தச் சொற்களின் பட்டியலை மட்டும் பெற்றோரிடம் கொடுத்து, உங்களுக்குச் சரிவரும் விதத்தில் சொல்லிக் கொடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அதிகம் கற்றது இந்த மூன்றாவது கூட்டம். அதிலும் வேடிக்கை என்னவென்றால், வீடியோவைத் தங்களுக்கே பிடித்திருந்த பெற்றோர்தான் பிள்ளை நிறையக் கற்றுவிட்டது என்று நம்பினார்கள். இதற்கு ஒரு வருடம் முன், 2009இல், கைக்குழந்தைகளுக்கான 'பேபி ஐன்ஸ்டைன்' வீடியோக்களை வாங்கிய பெற்றோருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக டிஸ்னி நிறுவனம் அறிவிக்க வேண்டி வந்தது.

இந்த இடத்தில் நியாயமான கேள்வி ஒன்று வரும். சுட்டி ரிவி பார்த்த எங்கள் பிள்ளைகள் இந்தியத் தமிழ் கதைக்கவில்லையா? டோராவும் புஜ்ஜியும் பார்த்துவிட்டு அம்மம்மாவிடம் "வாங்க, போங்க, என்ன பண்றீங்க" என்று சென்னைக்காரர் மாதிரிக் கதைத்த பிள்ளைகளை யாழ்ப்பாணம் முழுக்கக் கண்டோமே, அதெல்லாம் திரையில் இருந்துதானே வந்தது? உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஏற்கெனவே இருந்தது. "என்ன செய்யிறீங்கள்" என்பது தெரிந்த பிள்ளைக்கு "என்ன பண்றீங்க" என்பது புதுச் சட்டை மாதிரி, மாட்டிக்கொள்ள உடம்பு இருக்கிறது. அவர்களுக்கு வயதும் மூன்று நாலு ஆகியிருந்தது. திரையில் இருந்து கற்பதில் உள்ள இந்தக் குறைபாடு மூன்று வயதுக்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. முன்பின் தெரியாத மொழி ஒன்றை, இரண்டு வயதில், வெறும் திரையில் இருந்து மட்டும் என்பதுதான் சரிவராத கணக்கு.

அப்படியென்றால் வீட்டில் ஸ்பானிஷ் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். வேண்டியது, பிள்ளையை விட ஒரு படி முன்னுக்கு நிற்கும் ஆள். ஒரு பாட்டை நீங்கள் முதலில் கேட்டு, அதில் வீட்டுக்கு உதவும் சொல் இரண்டு மூன்றை மட்டும் பிடித்து, அன்றைக்கே வீட்டு வேலைக்குள் இறக்கிவிட வேண்டும். பெயர்ச்சொல்லை விட ஏவல் சொற்கள்தான் முதலில் பலன் தரும். "தாமே" என்றால் எனக்குத் தா. "தோமா" என்றால் இந்தா பிடி. "மீரா" என்றால் பார், "பென்" என்றால் வா, "பாமோஸ்" என்றால் போவோம். "மாஸ்" என்றால் இன்னும். காலையில் புட்டுக்கு முன்னால் பிள்ளையை இருத்திவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு "மாஸ் புட்டு?" என்று கேளுங்கள். முதல் நாள் சிரிக்கும். பிறகு கோப்பையை நீட்டிக்கொண்டு "மாஸ்" என்று தானே கேட்கும், பிறகு சம்பலுக்கும் "மாஸ்" வரும், சில நாளில் வேண்டாத சொதிக்கு "நோ மாஸ்" வந்துவிடும். அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். இரண்டு சொல்லைத் தானே சேர்த்துத் தனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டது, மொழி என்பது அதுதான். இருபது வரை எண்ணுவதை விட இந்த "நோ மாஸ்" பெரிய விஷயம்.

கொக்குவிலில் ஒரு வீட்டில் நாலு வயதுப் பிள்ளை ஒன்றைப் பார்த்தேன், நிறங்கள் எல்லாம் ஸ்பானிஷில் மணி மணியாகச் சொன்னாள், திரையில் எந்த வரிசையில் வருமோ அந்த வரிசையில். முற்றத்தில் இருந்த செவ்வரத்தம்பூவைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டேன், தமிழில் "சிவப்பு" என்றாள். ஸ்பானிஷில் கேட்டபோது முதல் நிறத்தில் இருந்து பாடத் தொடங்கி, "ரோஹோ" வந்த இடத்தில் நிற்காமல் கடந்து போய்விட்டாள். அவளுடைய தாய் கெட்டிக்காரி, அதற்குப் பிறகு பாட்டைக் குறைத்துவிட்டு, உடுப்புக் காயப்போடும்போது "தாமே ரோஹோ" என்று சிவப்புத் துணியை எடுத்துத் தரச் சொல்லத் தொடங்கினா. இலக்கணப்படி அதில் குறை இருக்கிறது, ஒரு ஸ்பானியர் கேட்டால் சிரிக்கலாம். பரவாயில்லை. பிள்ளை துணியை எடுத்துக் கொடுக்கிறதே.

உடம்பை அசைத்துக் கற்பது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர், ஏவலைக் கேட்டு எழும்பு, நட, திரும்பு, இரு என்று செய்துகாட்டும் முறையில் மொழி பழக்கலாம் என்று ஒரு முறையையே உருவாக்கினார், அது இன்றைக்கும் உலகம் முழுக்க மொழி வகுப்புகளில் இருக்கிறது. அதில் முக்கியமான விஷயம் ஒன்று, பிள்ளையைத் திருப்பிப் பேசச் சொல்லி நெருக்கக்கூடாது. கேட்டுச் செய்தால் போதும், பேச்சு பிறகு வரும். "மாமாவுக்கு ஸ்பானிஷில் ஒருக்கால் சொல்லிக் காட்டு" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் முன்னால் நிறுத்துவது எங்களுடைய பெரிய வியாதி, பிள்ளைக்கு அந்த மொழியே வெறுத்துப்போக அது ஒன்றே போதும்.

இனி எங்களுக்கு இருக்கும் வசதிகளைப் பார்ப்போம், இதைப் பற்றி யாரும் அதிகம் கதைப்பதில்லை. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளையை விடத் தமிழ்ப் பிள்ளைக்கு ஸ்பானிஷ் வாய்க்கு லேசு. ஸ்பானிஷில் உயிரொலி ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. எழுத்தைப் பார்த்தால் எப்படிச் சொல்வது என்று அநேகமாகச் சந்தேகமே வராது. ஆங்கிலேயர் ப, த, க சொல்லும்போது காற்று ஊதும், ஸ்பானியருக்கு ஊதாது, எங்களுக்கும் ஊதாது. அவர்களுடைய த எங்களுடைய த போலவே பல்லில் பட்டு வருவது. இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் அது மெலிந்துபோகும், நாங்கள் "அது" என்று சொல்லும்போது த மெலிகிற மாதிரியே. ஞ அவர்களிடம் இருக்கிறது, நீனோ என்றால் பையன் என்று ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் சொல்வார்கள், உண்மையில் அது நீஞோ. ஸ்டேசனை இஸ்டேசன் என்ற எங்கள் பழைய ஆட்களைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஸ்பானியர் அதையே நூற்றாண்டுகளாகச் செய்து எழுத்திலும் ஏற்றிவிட்டார்கள்: நிலையம் "எஸ்தாசியோன்", பள்ளிக்கூடம் "எஸ்குவேலா". சொல்லின் முன்னால் ஸ்ட, ஸ்க வந்தால் அவர்களுக்கும் நாக்கு ஓடாது.

கஷ்டம் இரண்டு இடத்தில். ஒன்று, உருட்டிச் சொல்லும் ர்ர். "பெரோ" என்றால் ஆனால், "பெர்ரோ" என்றால் நாய், ஒரு தட்டுக்கும் ஒரு நீண்ட உருட்டலுக்கும் இடையில் பொருள் மாறிவிடும். ஆனால் ஸ்பானியர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இந்த உருட்டல் கடைசியாகத்தான் வரும், ஐந்து வயது ஆனாலும் சிலருக்கு வராது, ஆகவே நாலு வயதுப் பிள்ளையின் நாக்கைப் பிடித்துத் திருத்த வேண்டாம். மற்றது அழுத்தம். தமிழில் குறில் நெடில்தான் பொருளை மாற்றும், ஸ்பானிஷில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பது மாற்றும். "பாப்பா" என்ற ஒரே எழுத்துகளில் முன்னசையை அழுத்தினால் இலத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு, பின்னசையை அழுத்தினால் அப்பா. இதைப் பாட்டு நன்றாகப் பழக்கும், ஆனால் மொழிபெயர்த்த பாட்டில் பழக்காது. ஆங்கில மெட்டுக்குள் ஸ்பானிஷ் சொல்லைத் திணித்தால் அழுத்தம் பிழையான இடத்தில் விழும். அதனால்தான் அங்கேயே பிறந்த பழைய குழந்தைப் பாட்டுகள் மேல். சிலந்தி வலையில் ஒரு யானை ஏறி ஆடுகிறது, வலை அறவில்லை என்று கண்டு இன்னொரு யானையைக் கூப்பிடுகிறது, அது மூன்றாவதைக் கூப்பிடுகிறது என்று நீண்டுகொண்டு போகும் எண்ணுப் பாட்டு ஒன்று ஸ்பானிஷ் உலகம் முழுக்க இருக்கிறது. அதை வீட்டில் இருக்கும் ஆட்களை ஒவ்வொருவராக எழுப்பி வரிசையில் சேர்த்து ஆடினால் எண்ணும் வரும், கூத்தும் வரும், அப்பப்பாவும் யானையாவார்.

அடுத்தது யாழ்ப்பாணத்துக்கே உரிய வசதி. போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து 1658 வரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தின் முதல் பாதியில், 1640 வரை, போர்த்துக்கலின் முடியும் ஸ்பெயினின் முடியும் ஒரே அரசரின் தலையில்தான் இருந்தன, ஆக ஒரு கணக்கில் யாழ்ப்பாணம் ஸ்பானிய அரசருக்குக் கீழ் இருந்தது என்றும் சொல்லலாம், அது சும்மா ஒரு தகவல். பயன்படும் விஷயம், அவர்கள் விட்டுப் போன சொற்கள். போர்த்துக்கீசும் ஸ்பானிஷும் கூடப் பிறந்த மொழிகள் என்பதால், எங்கள் வீட்டில் கிடக்கும் பல பொருட்களுக்கு ஸ்பானிஷ் பெயர் பாதி ஏற்கெனவே பிள்ளைக்குத் தெரியும். மேசைக்கு மேசா. சப்பாத்துக்கு சபாத்தோ. பாணுக்கு பான். அலுமாரிக்கு அர்மாரியோ. வாங்குக்கு பாங்கோ. துவாய்க்கு தோவாயா என்கிற மாதிரி ஒரு சொல். குசினிக்கு கொசினா. சென்னைப் பிள்ளைக்கு இதில் பாதி கிடையாது, அவர்கள் பிரெட் என்கிறார்கள், கிச்சன் என்கிறார்கள், ஷூ என்கிறார்கள். ஆகவே எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் நிறத்தையும் எண்ணையும் விட்டுவிட்டு வீட்டைச் சுற்றி நடந்து இந்தச் சொற்களில் இருந்து தொடங்கலாம். சப்பாத்தைக் காட்டி "தாமே சபாத்தோ" என்றால் எந்த விளக்கமும் இல்லாமல் பிள்ளை எடுத்துத் தந்துவிடும். ஒரே ஒரு பொறி: கதிரையும் போர்த்துக்கீசுதான், ஆனால் அதைப் போலவே ஒலிக்கும் "கதேரா" ஸ்பானிஷில் இடுப்பு. இருக்கிற கதிரைக்கு "சியா" என்பார்கள். "கதேராவில் இரு" என்று சொல்லிவிடாதீர்கள்.

வீடியோ தெரிவு செய்யும்போது என்ன பார்க்க வேண்டும்? முதலில், பேச்சு படத்தோடு ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். ஸ்பெயினில் 2005இல் தொடங்கிய 'பொக்கோயோ' என்ற கார்ட்டூன் இதற்கு நல்ல உதாரணம். பின்னணி வெறும் வெள்ளை, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பொருள்தான் திரையில், கதைசொல்லி ஒருவர் என்ன நடக்கிறது என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு போவார், ஒவ்வொன்றும் ஏழு நிமிடமளவில் முடிந்துவிடும். பந்து வந்தால் பந்தைப் பற்றித்தான் பேச்சு. நிறமும் சத்தமும் அள்ளிக் கொட்டும் பாட்டு வீடியோக்களில் கண் ஒரு பக்கம் போகும், காது வேறு பக்கம் போகும், முடிந்த பிறகு பிள்ளைக்கு மிஞ்சுவது இன்னொன்று போடு என்ற அழுகை மட்டும்தான். டோரா ஸ்பானிஷ் பழக்கும் என்று கேள்விப்பட்டுத் தேடுபவர்கள் கவனம். ஆங்கிலப் பதிப்பில்தான் டோரா ஆங்கிலம் கதைத்துக்கொண்டு இடையிடையே ஸ்பானிஷ் சொல் சொல்வாள். இலத்தீன் அமெரிக்காவுக்கான ஸ்பானிஷ் பதிப்பில் அவள் ஸ்பானிஷ் கதைத்துக்கொண்டு ஆங்கிலம் பழக்குவாள், எங்கள் தமிழ் டோரா ஆங்கிலம் பழக்கிய மாதிரி. காதுக்கு ஸ்பானிஷ் நிறைய வேண்டும் என்றால் அந்தப் பதிப்புத்தான் உண்மையில் நல்லது, அது எதற்காக எடுத்தது என்பது வேறு கதை.

ஒன்றையே திரும்பத் திரும்பப் போடுவதற்குப் பயப்பட வேண்டாம். பெரியவர்களுக்குத்தான் சலிக்கும். 1996இல் அமெரிக்காவில் 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற சிறுவர் நிகழ்ச்சியை ஆரம்பித்தபோது ஒரே பகுதியை ஐந்து நாளும் போட்டார்கள். அதை வைத்துச் செய்த ஆய்வில், ஐந்து தடவை பார்த்த பிள்ளைகளுக்கு விளக்கம் கூடியது மட்டுமில்லை, திரையைப் பார்த்துப் பதில் சொல்வதும் எழும்பி ஆடுவதும் கூடக் கூடின. தெரிந்த இடத்தில்தான் பிள்ளை வாய் திறக்கும். ஆகவே நூறு வீடியோ உள்ள பட்டியலை விட ஐந்தாறு வீடியோவை இறக்கி வைத்துக்கொண்டு இணையத்தை நிறுத்திவிட்டுப் போடுவது மேல், டேட்டாவும் மிச்சம், அடுத்தது தானாக ஓடும் பிரச்சினையும் இல்லை. ஸ்பெயின் உச்சரிப்பா, மெக்சிக்கோ உச்சரிப்பா என்று மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம். சபாத்தோவின் முதல் எழுத்தை ஸ்பெயினில் நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்து வேறு மாதிரிச் சொல்வார்கள், பழச்சாற்றுக்கும் காருக்கும் நாட்டுக்கு நாடு சொல் மாறும், யாழ்ப்பாணத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் இரண்டும் காதில் விழுந்த பிள்ளை குழம்பிப் போவதில்லையே.

பிள்ளை தனியாகப் பார்க்காமல் இன்னொரு பிள்ளையோடு பார்ப்பதும் உதவும். 2018இல் கூலின் குழுவே வெளியிட்ட இன்னொரு ஆய்வில், அதே வயதுக் குழந்தைகள் சோடியாக இருந்து திரையைத் தொட்டு விளையாடியபோது, தனியாக இருந்தவர்களை விட அந்நிய மொழி ஒலிகளைப் பிடிப்பதற்கான அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. ஒன்றைப் பார்த்து மற்றது சிரிப்பதும் சத்தம் போடுவதும் ஏதோ ஒரு விதத்தில் மூளையைத் தட்டி எழுப்புகிறது. பக்கத்து வளவில் மச்சாள் மச்சான் இருக்கும் எங்கள் ஊர் வாழ்க்கைக்கு இது பொருந்திவரும்.

நேரக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் என்றால் கிழமைக்கு மூன்றரை மணித்தியாலம். பிள்ளை விழித்திருப்பது நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் என்று வைத்தால் கிழமைக்கு 84. அதில் மூன்றரை என்பது நூற்றுக்கு நாலு. நூற்றுக்கு நாலு நேரத்தில் கேட்ட மொழியைப் பிள்ளை சரளமாகக் கதைக்கும் என்று யாராவது சொன்னால் அவர் ஏதோ விற்க வந்திருக்கிறார். கிடைப்பது என்ன? அந்த மொழியின் சத்தம் காதுக்கு அந்நியமாக இராது, சில பத்துச் சொற்களும் ஏவல்களும் கைவசம் இருக்கும், பிற்காலத்தில் முறையாகப் படிக்கப் போனால் பயம் இராது. இவ்வளவுதான், இது குறைவும் இல்லை. திரை நேரத்தைக் கூட்டி இந்த வீதத்தைக் கூட்டலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் கொடுத்த வழிகாட்டல், அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தமிழ்க் கார்ட்டூனும் அடங்க வேண்டும். கூட்டுவதாக இருந்தால் குசினியில் கூட்டுங்கள், குளிக்க வார்க்கும்போது கூட்டுங்கள். பாட்டைப் படம் இல்லாமல் ஸ்பீக்கரில் போடலாம், அதுவும் கேட்பதற்கென்று போட வேண்டும், நாள் முழுக்கப் பின்னால் ஓடவிடக் கூடாது. பின்னணியில் ஓடும் தொலைக்காட்சி பற்றி 2009இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, அது கேட்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பெரியவரிடம் இருந்து பிள்ளை கேட்கும் சொற்கள் சராசரியாக 770 குறைந்தன. அந்த 770ம் எங்கள் வீட்டில் என்றால் தமிழ்ச் சொற்கள். "ஸ்பானிஷ் பழக்கினால் தமிழ் குழம்பிப் போகுமா?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். இன்னொரு மொழியால் தமிழ் கெடாது. அம்மம்மா சொல்ல வேண்டிய கதையின் நேரத்தைத் திரை பிடித்தால் கெடும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். இதே முறையில் சிங்களம் பழக்கினால் என்ன? தமிழும் சிங்களமும் ஆட்சிமொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று, எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சிங்களத்தைப் பாடமாகவும் படிக்கிறார்கள், சோதனையில் புள்ளியும் எடுக்கிறார்கள், வாய் திறந்து நாலு வார்த்தை கதைக்க வருவதில்லை, அதுவும் மேலே சொன்ன இந்திப் பாட்டுக் கதைதான். சிங்களம் கதைக்கிற மனிதர் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறார், ஸ்பானிஷ் கதைக்கிறவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டையும் பழக்குகிறவர்கள் பழக்கட்டும்.

அந்தத் தேடிப் பிடிக்கிற வேலைக்குத்தான் வீடியோ அழைப்பு உதவும், திரையில் இருந்து கற்க முடியாது என்று இவ்வளவும் சொன்னதற்கு விதிவிலக்கும் அதுதான். 2014இல் வந்த ஒரு ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் நேரில் கற்பித்தபோது எப்படிப் புதுச் சொல் கற்றார்களோ அப்படியே வீடியோ அழைப்பிலும் கற்றார்கள், ஆனால் வேறொரு பிள்ளையோடு நடந்த அழைப்பைப் பதிவு செய்து போட்டுக் காட்டியபோது கற்கவில்லை. திரை அல்ல பிரச்சினை, மறுமுனையில் இருப்பவர் என்னைப் பார்த்துத்தான் கதைக்கிறார் என்பது இருந்தால் போதும். பார்சலோனாவில் சித்தப்பா குடும்பம் இருந்தால், அங்கே பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படித்து எங்களோடு தமிழில் தடுமாறும் ஒன்றுவிட்ட தம்பி தங்கச்சி இருப்பார்கள். கிழமையில் ஒரு நாள் பத்து நிமிடம் அவர்களை எங்கள் பிள்ளைக்கு யானைப் பாட்டுப் பாடிக் காட்டச் சொல்லுங்கள், பதிலுக்கு எங்கள் பிள்ளை ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடட்டும், அந்தப் பக்கத்துத் தாய் தகப்பனுக்கு அது எங்களை விடப் பெரிய உதவி. கோடையில் ஸ்பெயின் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னுக்கு, மாரியில் நாலரை. இங்கே இரவு ஏழரை என்றால் கோடையில் அங்கே பின்னேரம் நாலு மணி. மெக்சிக்கோவில் ஆள் இருக்கிறவர்கள் இங்கே காலையில் எடுக்க வேண்டும், அங்கே முதல் நாள் இரவாக இருக்கும்.